எந்த வள்ளம்?

வேலைக்கு ஆள் எடுக்கிறபோது நாங்கள் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கிளாஸ் மெதட்டுக்கும் இன்ஸ்டன்ஸ் மெதட்டுக்கும் என்ன வித்தியாசம்? கைபேசிச் செயலி எழுத வருகிறவர்களுக்கு அது அரிச்சுவடி. படித்து முடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் புத்தகத்தில் இருக்கிற பதிலை ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். நாங்களும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவோம்.

அவள் ஒப்புவிக்கவில்லை. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு கொஞ்ச நேரம் ரவி அண்ணையின் கையைப் பார்த்தாள். ரவி அண்ணைதான் எங்கள் சின்ன நிறுவனத்தை நடத்துகிறவர். அதற்கு முதல் நாள் கொக்குவிலடியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தார்.

“மனிசருக்கு எத்தினை கை எண்டு கேக்கிறதுக்கு ஒருத்தரையும் கூப்பிடத் தேவையில்லை. மனிசர் எண்ட வகையிட்டையே அதுக்கு மறுமொழி இருக்கு. அது கிளாஸ் மெதட்” என்றாள். “ஆனால் கை நோகுதோ எண்டு கேக்கிறதெண்டால் இன்னார் எண்டு ஒராள் வேணும். அது இன்ஸ்டன்ஸ் மெதட்.”

சொல்லிவிட்டு ரவி அண்ணையின் பக்கம் திரும்பி, “நோகுதோ?” என்று கேட்டாள்.

காலையிலிருந்து நாங்கள் எல்லாரும் அவரைத் துளைத்துக்கொண்டுதான் இருந்தோம். எப்படி விழுந்தனீங்கள், மற்றவனில் பிழையோ, சைக்கிளுக்கு என்ன நடந்தது. இந்த ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டிருக்கவில்லை.

“ஓம், நோகுது” என்றார் ரவி அண்ணை, சின்னப்பிள்ளை மாதிரி.

அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்துவிட்டாள்.

எங்கள் அலுவலகம் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நான் இணுவிலில் இருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் சோனகதெருப் பக்கமிருந்து ஸ்கூட்டியில் வருவாள். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள். பிறந்ததும் படித்ததும் புத்தளத்தில். தொண்ணூறாம் ஆண்டில், சண்டைக் காலத்தில், இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் ஒரு பகலுக்குள் வெளியேறச் சொன்னபோது, கட்டின துணியோடு போன குடும்பங்களில் ஒன்று அவளுடையது. வெகு காலத்துக்குப் பிறகு அவளுடைய வாப்பா திரும்பி வந்து, சின்னதாக ஓர் இரும்புக்கடை போட்டிருந்தார்.

“அப்ப உங்கடை குடும்பம் திரும்பி வந்திட்டுது என்ன?” என்று முதல் கிழமையே கேட்டேன்.

“வாப்பா வந்திட்டார். உம்மா வரேல்லை, வரமாட்டாவாம்” என்றாள். கொஞ்சம் யோசித்து, “நான் வந்து பாக்கிறன்” என்றாள்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன், ஆளாளாக மறுமொழி கிடைத்தது. அவள் எப்போதும் அப்படித்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில் எங்களிடம் பழைய ஐபோன் செயலி ஒன்று இருந்தது. கனடாவில் இருக்கிற ஒருவருக்காக அதைத் திருத்திக்கொண்டிருந்தோம். அது எழுதப்பட்டிருந்த பழைய மொழியில் ஒவ்வொரு மெதட்டுக்கும் முன்னால் ஒரு குறி இருக்கும். வகையைப் பார்த்துக் கேட்பது என்றால் சக அடையாளம், அதாவது பிளஸ். அந்த வகையில் ஒன்றைக் குறிப்பாகப் பார்த்துக் கேட்பது என்றால் சய அடையாளம், அதாவது மைனஸ். அவ்வளவுதான். நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அவளுக்கு மட்டும் அது பெரிய கண்டுபிடிப்பு மாதிரி இருந்தது. இரண்டு மூன்று நாளில் அவளுடைய பேச்சுக்குள்ளேயே அது வந்துவிட்டது.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, “இண்டைக்கு பஸ் வருமோ தெரியேல்லை” என்பேன்.

“பிளஸ்ஸோ மைனஸோ, சுதாக்கா?” என்பாள். பொதுவாக பஸ் ஓடுகிறதா என்று கேட்கிறேனா, நான் ஏறுகிற அந்த பஸ் வருமா என்று கேட்கிறேனா என்பதுதான் அவளுடைய சந்தேகம். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. பிறகு நானே எனக்குள் கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன்.

கனடாக்காரர் கணினித் திரையில் தோன்றி, “யூஸர்ஸுக்கு இந்தப் பக்கம் பிடிக்கேல்லை, மாத்துங்கோ” என்று சொல்வார். நாங்கள் மாற்றுவோம். அடுத்த மாதம், “யூஸர்ஸுக்கு இதுவும் பிடிக்கேல்லை” என்பார். திரும்பவும் மாற்றுவோம். அவள் வந்த பிறகு நடந்த முதல் கூட்டத்தில், “எந்த யூஸர், அண்ணை?” என்று கேட்டாள்.

“எல்லாரும்தான்.”

“ஒராளைச் சொல்லுங்கோ. நான் கதைச்சுப் பாக்கிறன்.”

அவர் முகம் சிவந்தது. ரவி அண்ணை மேசைக்குக் கீழால் என் காலைத் தட்டினார். அவள் குரலில் குத்தலும் இல்லை, பிடிவாதமும் இல்லை. கடையில் சாமானைக் காட்டி விலை கேட்கிற மாதிரி மறுமொழிக்காகக் காத்திருந்தாள். கடைசியில் அவர், “என்ரை மனிசிதான்” என்றார். அந்த மனிசியோடு அவள் அரை மணி நேரம் கதைத்தாள். எழுத்துச் சின்னதாக இருக்கிறதாம், அவவுக்கு அதுதான் பிரச்சினை. எழுத்தைப் பெரிதாக்கினோம். அதற்குப் பிறகு அந்தச் செயலிக்கு முறைப்பாடு வரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் எங்களோடு வேலை செய்த பெடியன் ஒருவன், நல்ல மனதோடுதான், “முஸ்லிம் ஆக்கள் நல்ல உறைப்புச் சாப்பிடுவினம் என்ன?” என்று கேட்டான்.

“முஸ்லிம் ஆக்களைக் கண்டால் கேட்டுப் பாருங்கோ” என்றாள். “எனக்கெண்டால் உறைப்பு ஒத்துவராது. வயித்தைப் பிரட்டும்.”

அவன் சிரித்தான். தன்னுடைய கறியில் கிடந்த செத்தல் மிளகாயை எடுத்து ஒதுக்கிவிட்டு, மீன் துண்டை அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தான். ஒரு வகையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவள் சண்டைக்குப் போவதில்லை. ஒத்துப்போவதும் இல்லை. இணுவில் ஆக்கள் கெட்டிக்காரர் என்று நான் ஒருநாள் பெருமையாகச் சொன்னபோதும் அதேதான். “ஆர்?” என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். உடனே ஒருவருடைய பெயரும் வாயில் வரவில்லை.

இந்தக் குணம் எனக்கே வலித்த ஒரு நாளும் இருந்தது.

நாங்கள் புது வீடு கட்டிக் குடிபூர்ந்தோம். அலுவலக வாட்ஸ்அப் குழுவில், ‘எல்லாரும் கட்டாயம் வரவேணும்’ என்று எழுதி, நாளும் நேரமும் போட்டிருந்தேன். எல்லாரும் வந்தார்கள். அவள் மட்டும் வரவில்லை. அம்மாவுக்கு அது மனதில் பட்டுவிட்டது. “அந்தப் பிள்ளை எங்கடை வீட்டிலை சாப்பிடாதோ?” என்றா. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது என்பதுதான் உண்மை.

திங்கட்கிழமை நேரே கேட்டேன்.

“நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே, சுதாக்கா” என்றாள்.

“குறூப்பிலை போட்டனான்தானே. பாக்கேல்லையோ?”

“பாத்தனான். குறூப்புக்குச் சொல்லியிருந்தியள். குறூப் வந்ததுதானே?”

கோபம் வந்தது. இப்படியும் ஒரு மனிசி இருப்பாளா என்று இருந்தது. ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுடைய முகத்தில் ஒரு தயக்கம் இருந்தது. “எனக்கு விளங்கேல்லை. எல்லாரும் வாங்கோ எண்டால் அதுக்குள்ளை நானும் இருக்கிறனோ எண்டு எனக்கு எப்பவும் சந்தேகம்” என்றாள்.

அன்று பின்னேரம் போகிறபோது அவளுடைய மேசைக்குப் போய், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கடை வீட்டுக்கு வாரும் என்றேன்.

வந்தாள். கையில் ஒரு செவ்வரத்தைப் பூங்கன்று. அம்மா கோப்பியும் பயத்தம் பணியாரமும் வைத்தா. அவள் இரண்டு எடுத்துச் சாப்பிட்டாள். அம்மாவுக்கு மனம் இளகிவிட்டது. அடுத்தாற்போல் எல்லாரும் சொல்கிறதைத் தானும் சொன்னா.

“உங்கடை ஆக்களை அண்டைக்கு அப்பிடி அனுப்பினது எங்களுக்குச் சரியான கவலை, பிள்ளை.”

அவள் கோப்பியைக் கீழே வைத்தாள்.

“ஆரை அன்ரி தெரியும் உங்களுக்கு?”

அம்மா விழித்தா. “ஆரை எண்டு… எல்லாரையும்தான்.” பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தா. “ஒராளைத் தெரியும். என்ரை கலியாணத்துக்குச் சாறிச் சட்டை தைச்சவர். ரவுணிலை கடை. ஒரு கால் ஏலாது அவருக்கு. மற்றக் காலாலைதான் மிசின் உழக்குவார்.”

“பேர்?”

“தையல்கார நானா எண்டுதான் கூப்பிடுறது. பேர் தெரியாது, பிள்ளை.”

“பரவாயில்லை. சட்டை நல்லாத் தைச்சவரோ?”

அந்தக் கேள்வியோடு அம்மா திறந்துகொண்டா. கலியாணத்துக்கு முதல் நாள் சட்டை முடியவில்லையாம். தாத்தா கடைக்குப் போய் நின்று சத்தம் போட்டிருக்கிறார். நீங்கள் போங்கோ, விடியக் கொண்டுவந்து தாறன் என்று அவர் சொல்லியிருக்கிறார். விடிய, தோரணம் கட்டிக்கொண்டிருக்கிற நேரம், ஒரு காலால் சைக்கிள் உழக்கி இணுவிலுக்கு வந்திருக்கிறார். சட்டையின் கை கொஞ்சம் இறுக்கமாக இருந்ததாம். அதையும் முற்றத்தில் ஒரு மரவாங்கில் குந்தியிருந்து ஊசி நூலால் அவிழ்த்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாராம்.

“எங்கை போனாரோ. உயிரோடை இருக்கிறாரோ” என்று அம்மா முடித்தா. இத்தனை வருசத்தில் நான் அந்தக் கதையை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“வாப்பாவிட்டைக் கேட்டுச் சொல்லுறன்” என்றாள் அவள்.

கேட்டாள். அடுத்த கிழமை அலுவலகத்தில் இருந்தே என்னுடைய போனை வாங்கி அம்மாவுடன் கதைத்தாள். அவருடைய பெயர் காசிம். புத்தளத்தில் ஒரு கொட்டிலில் மிசின் போட்டுத் தைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். காலமாகிக் கனகாலம். அம்மா மறுமுனையில் “காசிம்” என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தது எனக்குக் கேட்டது. பிறகு, “சரி பிள்ளை, நான் வைக்கிறன்” என்று வைத்துவிட்டா.

இதெல்லாம் அவளைப் பற்றிய சின்னச் சின்னக் கதைகள். குருநகரில் நடந்ததுதான் அவளை எனக்கு முழுதாகக் காட்டியது.

குருநகரில் ஒரு கடற்றொழிலாளர் சங்கம் எங்களிடம் ஒரு செயலி கேட்டது. கடலுக்குப் போன வள்ளம் கரைக்குத் திரும்பியதும் வள்ளத்தில் இருக்கிறவர் போனில் ஒரு பட்டனை அமத்த வேண்டும். உடனே வீட்டில் இருக்கிற போனில் சிவப்புப் புள்ளி பச்சையாகும். அவ்வளவுதான். விடிய எழும்பிக் கரைக்கு ஓடி, கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பெண்களுக்காகக் கேட்டார்கள். எழுதுகிற வேலை அவளுக்கு வந்தது. அவளுக்கு அதில் அப்படி ஒரு விருப்பம். “வள்ளம் எண்டால் என்ன எண்டு ஆரும் சொல்லுவினம். வள்ளம் எங்கை நிக்குது எண்டு கேட்டால்தான் கஷ்ரம். எந்த வள்ளம் எண்டு தெரியவேணும்” என்று சொல்லிச் சொல்லி எழுதினாள்.

அலுவலகத்தில் சோதித்துப் பார்த்தோம். ரவி அண்ணைதான் வள்ளம். போனோடு கீழே இறங்கிப் புடைவைக் கடை வாசலில் நிற்பார், அது கடல். மேலே ஏறி வந்து பட்டனை அமத்துவார். என் கையில் இருந்த போனில் பச்சை வரும். எல்லாரும் கைதட்டினோம்.

பிறகு குருநகரில் ஐந்து வள்ளங்களோடு ஒரு வெள்ளோட்டம். அதிகாலையில் நானும் அவளும் ஸ்ரெலா அக்கா வீட்டுக்குப் போனோம். வீடு கரையிலிருந்து கூப்பிடு தூரம். ஸ்ரெலா அக்காவின் புருசன் மரியதாசும் அவருடைய தம்பி ஜெறாட்டும் ஒரே வள்ளத்தில் போனவர்கள். நாங்கள் போனபோது ஸ்ரெலா அக்கா போனை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தா. விடிந்து கொஞ்ச நேரத்தில் புள்ளி பச்சையானது.

“வந்திட்டார்” என்றா. முகம் முழுக்கச் சிரிப்பு. “பாரும் பிள்ளை, கரைக்குப் போகாமலே தெரியுது.” அடுப்பில் தண்ணியை வைத்தா. எங்களுக்குத் தேத்தண்ணி தந்தா. பச்சை வந்து வெகு நேரமாகியும் அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. “பாஷையூர்ப் பக்கம் மீனை இறக்கியிருப்பினம்” என்று சொல்லிவிட்டுப் புட்டை அவித்துக்கொண்டிருந்தா. அவவுக்கு ஒரு பதற்றமும் இல்லை. வேறு எந்த நாளிலும் அந்த நேரத்துக்கு அவ கரையில் நின்றிருப்பா.

அவள் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. எழும்பி வெளியே போய்க் கடலைப் பார்த்தாள். திரும்பி வந்து என்னிடம், “எங்கடை போனைத் தாங்கோ” என்றாள். எங்களிடம் இருந்த போனில் ஐந்து வள்ளமும் தெரியும். ஐந்தும் பச்சை. அந்த ஐந்தில் ஒரு வள்ளம்தான் கரையில் நின்றது.

அவள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் மறக்கமாட்டேன். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ‘கரைக்கு வந்தாச்சு’ என்ற செய்தி ஒவ்வொரு வள்ளத்துக்குள்ளும் தனித்தனியாக இருக்க வேண்டியது. அது வகைக்குப் பொதுவாக எழுதப்பட்டுவிட்டது. ஒரு வள்ளம் அமத்தினால் வள்ளம் என்று இருக்கிற எல்லாமே கரைக்கு வந்ததாகிவிடும். ரவி அண்ணை ஒருவரே வள்ளமாக ஏறி இறங்கினபோது அது தெரியவில்லை. ஒரே ஒரு வள்ளம் இருக்கிற உலகத்தில் இரண்டும் ஒன்றுதான்.

அவள் உள்ளே போகத் திரும்பினாள். நான் கையைப் பிடித்தேன்.

“பொறும். இப்ப வந்திடுவினம். வந்தாப் பிறகு சொல்லுவம்” என்றேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“அக்கா, உந்தப் பச்சை பொய். உங்கடை வள்ளம் இன்னும் வரேல்லை. வேறை வள்ளம் வந்ததுக்கு உங்கடை போனிலையும் காட்டுது. எழுதினது நான். பிழை விட்டிட்டன்.”

ஸ்ரெலா அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. “அப்ப இவர் எங்கை?” என்றா.

“தெரியாது, அக்கா.”

ஸ்ரெலா அக்கா அவளைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது. மா ஒட்டிய கையோடு போனை எடுத்து முற்றத்தில் எறிந்துவிட்டுக் கரைக்கு ஓடினா. நாங்கள் பின்னால் ஓடினோம். அவள் கரையில் நின்ற வள்ளக்காரரிடம், “மரியதாஸ் அண்ணையின்ரை வள்ளத்தை ஆர் கடைசியாக் கண்டது?” என்று கேட்டாள். ஒருவர் மண்டைதீவுப் பக்கம் கண்டதாகச் சொன்னார். கரையில் நின்ற வேறு இரண்டு வள்ளம் அந்தத் திசைக்குப் போனது. அதற்கிடையில் எங்கள் ஐந்தில் மற்ற மூன்று வள்ளங்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஸ்ரெலா அக்கா முழங்கால் தண்ணியில் நின்றா. அவளும் கொஞ்சம் தள்ளித் தண்ணிக்குள்ளேயே நின்றாள்.

வெயில் ஏறின பிறகு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். எஞ்சின் நின்று போய், வள்ளம் நீரோட்டத்து ஒழுக்கில் போயிருக்கிறது. போன் நனைந்துவிட்டது. மரியதாஸ் அண்ணைக்கும் தம்பிக்கும் ஒன்றும் இல்லை. “இன்னும் கொஞ்சம் செல்ல நாங்களே துடுப்பு வலிச்சுக்கொண்டு வந்திருப்பம்” என்று மரியதாஸ் அண்ணை சிரித்தார். ஸ்ரெலா அக்கா அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து உலுக்கிவிட்டுக் குலுங்கி அழுதா. எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் நான் ஸ்கூட்டியின் பின்னால் இருந்தேன். “எப்பிடி விட்டனீர்?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியேல்லை. அவசரமும் இல்லை, நித்திரைத் தூக்கமும் இல்லை. கை எழுதிப்போட்டுது, நான் பாக்கேல்லை” என்றாள். அதற்கு மேல் காரணம் தேடவில்லை.

அடுத்த நாள் சங்கக் கட்டடத்தில் கூட்டம் வைத்தார்கள். ரவி அண்ணை எழும்பி, “எங்கடை ரீம் ஒரு சின்னப் பிழை விட்டிட்டுது, மன்னிக்கவேணும்” என்று தொடங்கினார்.

“ரீம் இல்லை, அண்ணை” என்றாள் அவள். “நான்.”

ரவி அண்ணை அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அவர் மெல்லக் கதிரையில் இருந்துவிட்டார். பின் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர், “உவையளிட்டைக் குடுத்தால் உப்பிடித்தான்” என்றார். ‘உவையள்’ என்றது கணினிக்காரரையா, வேறு யாரையா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பி, “ஆரை அண்ணை சொல்லுறியள்?” என்று கேட்டாள். வழமையான அதே குரல். அவர் குனிந்துகொண்டார்.

சங்கத் தலைவர் வயதானவர், கன்னம் ஒட்டிப்போன மனிசர். அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர் அவளைப் பார்த்துக் கேட்டார்:

“பிள்ளை, இதைத் திருத்துறதும் நீயோ?”

“ஓம், ஐயா.”

“அப்ப திருத்திக்கொண்டு வா. ஆர் எண்டு தெரிஞ்சால்தானே பிழைச்சால் ஏசலாம்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கூட்டம் அதோடு கலைந்தது.

திருத்தின வேலை அரை நாள்கூட இல்லை. ஆனால் அவள் அதோடு விடவில்லை. ஒவ்வொரு வள்ளமாகக் கரைக்குப் போய் நின்று, ஒன்று அமத்துகிறபோது மற்றது சிவப்பாகவே நிற்கிறதா என்று பார்த்தாள். ஒவ்வொரு வீட்டிலும் இருந்து பார்த்தாள். ஸ்ரெலா அக்கா வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். ஸ்ரெலா அக்கா படலையைத் திறக்கவில்லை. படலைக்கு வெளியே நின்றே, “அக்கா, உங்கடை போனை ஒருக்கால் தாங்கோ” என்று கேட்டாள். திரை வெடித்த போன் வேலிக்கு மேலால் வந்தது. திருத்தி வேலிக்கு மேலாலேயே கொடுத்தாள். மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். ஏதோ ஒரு நாள் படலை திறந்திருந்ததாம். அதைப் பற்றி எனக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியில் நண்டுக் குழம்பு இருந்ததைப் பார்த்துத்தான் நான் ஊகித்தேன். உறைப்பே இல்லாத நண்டுக் குழம்பு.

அவள் எங்களோடு இருந்தது இரண்டு வருசத்துக்குக் கொஞ்சம் கூட. உம்மாவுக்குச் சுகமில்லாமல் போனது. உம்மா புத்தளத்தை விட்டு வருவதாக இல்லை. அவள் போவதாக முடிவெடுத்தாள். குழுவில் நாங்கள் எல்லாரும் பூவும் கைகூப்பலும் போட்டு வாழ்த்தினோம். ஒன்றுக்கும் மறுமொழி இல்லை. கடைசி நாள் அவள் ஒவ்வொரு மேசையாக வந்தாள். ரவி அண்ணையிடம் அவருடைய கையைப் பற்றிக் கேட்டாள், பனிக்காலத்தில் இன்னும் விறைக்கிறதா என்று. என்னிடம் வந்து, “அம்மாவோடை ஒருக்கால் கதைக்கவேணும்” என்றாள். போனை எடுத்துக் கொடுத்தேன். என்னோடு கதைத்ததைவிட அம்மாவோடுதான் கூட நேரம் கதைத்தாள். போய்விட்டாள்.

பிறகு நாங்கள் எப்போதாவது ஒரு செய்தி அனுப்பிக்கொள்வோம். உம்மாவைப் பார்த்துக்கொண்டு அங்கிருந்தே ஏதோ ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்கிறாளாம்.

போன மாதம் குருநகருக்குப் போனேன். இப்போது அந்தச் செயலியில் ஐந்து வள்ளமில்லை, கரை முழுக்க அதுதான். புது வடிவத்தைச் சில போன்களில் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்ரெலா அக்கா வீட்டில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். புள்ளி பச்சையானது.

“பச்சை வந்திட்டுது, அக்கா” என்றேன்.

“ம்” என்றா. பச்சையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையைச் சீலையில் துடைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த இன்னொரு சின்னப் போனை எடுத்து இலக்கத்தை அமத்திக் காதில் வைத்தா.

“பிள்ளை, வந்திட்டினம்.”

போனின் சத்தம் பெரிது. மறுபக்கத்துக் குரலைக் கேட்டதும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது, புத்தளத்தில் இருந்து அவள்தான். ஒவ்வொரு நாளும் விடிய நடக்கிற வேலை இது என்பது ஸ்ரெலா அக்கா கதைத்த விதத்தில் தெரிந்தது.

“ஆர் ஆர் வந்தது, அக்கா?”

“இவர் வந்திட்டார்.”

“ஜெறாட் அண்ணை?”

“வள்ளம் வந்தால் ரெண்டு பேரும் வந்ததுதானே, பிள்ளை.”

மறுபக்கத்தில் பேச்சில்லை. காத்துக்கொண்டு இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஸ்ரெலா அக்காவுக்கும் தெரியும்.

“பொறு, பாத்துச் சொல்லுறன்” என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் இருந்து எடுக்காமலே கரைக்கு நடந்தா. நானும் பின்னால் போனேன். வள்ளம் முழங்கால் தண்ணியில் நின்றது. மரியதாஸ் அண்ணை குனிந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தார். தம்பியைக் காணவில்லை. ஸ்ரெலா அக்கா நடையைக் கூட்டினா. தண்ணிக்குள் இறங்கி வள்ளத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனா.

“ஓம், பிள்ளை” என்றா போனுக்குள். “நிக்கிறான். எஞ்சினைக் கழட்டித் தோளிலை வைச்சுக்கொண்டு நிக்கிறான்.”